தட்டில் எத்தனை பெர்ரி? பான்கேக் காலை உணவின் சத்துக் கணக்கு

புளூபெர்ரி பான்கேக் வைத்த காலைத் தட்டிலிருந்து பழத்தை மட்டும் பொறுக்கி எடுத்து எடைபோட்டால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். வீட்டில் வழக்கமான அளவில் மாவு கரைத்துச் சுட்டால் ஆளுக்கு மூன்று பான்கேக் வரும். அந்த மூன்றிலும் சேர்த்துச் சுமார் 50 கிராம் பழம் இருக்கும். எண்ணிச் சொன்னால் முப்பத்தைந்து, நாற்பது பழங்கள். ஒரு பான்கேக்குக்கு ஒரு டஜன். மீதியெல்லாம் மைதா, பால், முட்டை, வெண்ணெய், அவற்றின் மேல் தாராளமாக ஊற்றிய மேப்பிள் சிரப். பெயரைத் தருவது பழம். வயிற்றை நிரப்புவது மாவும் சர்க்கரையும்.

அந்த உணவைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சூடான மாவுக்குள் பழம் வெடித்து, அதன் சாறு சுற்றியுள்ள இடத்தில் ஊறி, ஒவ்வொரு வாயிலும் புளிப்பும் இனிப்பும் மாறி மாறி வரும் அந்தச் சுவைக்கு நிகராக இன்னொரு காலை உணவை என்னால் சட்டென்று சொல்ல முடியாது. ஆனால் பெர்ரி பழங்களுக்கு மருத்துவ ஆய்வுகள் தேடித்தந்த நற்பெயரை, அவற்றில் ஒரு கைப்பிடி மட்டுமே சேர்ந்த பான்கேக் அப்படியே கடன் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கடன் நியாயமானதா என்பதைக் கிராம் கணக்கில் பார்த்துவிட வேண்டும். நியாயமாக்கும் வழி இருக்கிறது, அதுவும் அதிகச் சிரமமில்லாத வழி என்பதே என் கருத்து.

முதலில் பழத்தின் கதை. இன்று ஆண்டு முழுவதும் கடைகளில் கிடைக்கும் பெரிய புளூபெர்ரி, மனிதர் வளர்க்கக் கற்றுக்கொண்ட பழங்களுள் மிகவும் இளையவற்றில் ஒன்று. நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை அது வட அமெரிக்கக் காடுகளில் தானாக விளைந்து, பறித்து வரப்பட்ட பழம்தான். தோட்டத்து மண்ணில் நட்டவர்களுக்கெல்லாம் செடி வாடிப் போனது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் ஃபிரடெரிக் கோவில் காரணத்தைக் கண்டுபிடித்து 1910-இல் வெளியிட்டார்: மற்றப் பயிர்களுக்கு உகந்த வளமான மண் இதற்கு நஞ்சு, இதற்குப் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை மிகுந்த மண் வேண்டும். அதைப் படித்த எலிசபெத் வைட் என்ற பெண், நியூ ஜெர்சியின் பைன் காடுகளை ஒட்டி வைட்ஸ்பாக் என்னுமிடத்தில் கிரான்பெர்ரி விளைவித்த குடும்பத்தைச் சேர்ந்தவர், தம் நிலத்தையே சோதனைக்குக் கொடுத்தார். காட்டில் பழம் பறிப்பவர்களிடம் பெரிய பழம் காய்க்கும் புதர்களைக் காட்டச் சொல்லிப் பணம் கொடுத்தார். கண்டுபிடித்தவரின் பெயரையே புதருக்கும் வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதரிலிருந்து வந்த ‘ரூபெல்’ வகை இன்றும் பயிரிடப்படுகிறது. இருவரின் முயற்சியில் முதல் விற்பனை அறுவடை 1916-இல் வந்தது.

பான்கேக்குக்கு வயது அதிகம். மாவைக் கரைத்துச் சூடான கல்லில் ஊற்றிச் சுடுவதை யார் தொடங்கினார்கள் என்று தேடுவதில் பொருளில்லை. தானியத்தை அரைக்கத் தெரிந்த எல்லோரும் தத்தம் வழியில் அதைச் செய்திருக்கிறார்கள். இன்று நாம் அறிந்த தடித்த, பஞ்சுபோன்ற வடிவத்துக்குக் காரணம் பேக்கிங் பவுடர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை நடத்திய ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843-இல் செய்த கலவை அது. சோடாவும் ஓர் உலர்ந்த அமிலமும் ஈரம் பட்டவுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். அந்தக் குமிழிகளே மாவைத் தூக்குகின்றன. இந்தப் பொடி பழத்தின் நிறத்தோடு ஒரு விளையாட்டு விளையாடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கணக்கு. மூன்று பேருக்கான ஒரு சாதாரணக் கலவையை எடுத்துக்கொள்வோம்: 150 கிராம் மைதா, ஒரு முட்டை, 200 மில்லி கொழுப்பு நீக்காத பால், 25 கிராம் உப்பில்லா வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, 150 கிராம் புளூபெர்ரி. மைதாவில் 546 கலோரி, முட்டையில் 72, பாலில் 126 அளவு, வெண்ணெயில் 179, சர்க்கரையில் 58, பழத்தில் 86. கூட்டினால் ஏறக்குறைய 1,070. ஆளுக்கு 355 கலோரி. புரதம் ஆளுக்கு 10 கிராம், நார்ச்சத்து இரண்டரை கிராம். இவை உணவுச் சத்து அட்டவணைகளின் சராசரி அளவுகளை வைத்துப் போட்டவை. முட்டையின் பருமனும் மாவை அளக்கும் கையும் மாறினால் ஐந்து, பத்து கலோரி ஏறும், இறங்கும். நம் கேள்விக்கு அது பொருட்டல்ல.

இதுவரை குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. காலை உணவுக்கு 355 கலோரி மிதமான அளவு. நிலைமை மாறுவது தட்டுக்கு வந்த பிறகு. மேலே வைக்கும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100 கலோரி. நான்கு மேசைக்கரண்டி, அதாவது 60 மில்லி மேப்பிள் சிரப், 208 கலோரி. அதில் 48 கிராம் சர்க்கரை. நான்கு கரண்டி என்பது மிகையான அளவு என்று தோன்றினால், அடுத்த முறை ஊற்றும்போது ஒரு கிண்ணத்தில் அளந்து பாருங்கள். பான்கேக் பஞ்சு, ஊற்ற ஊற்ற உறிஞ்சிக்கொள்ளும், ஊற்றியது கண்ணுக்குத் தெரியாது. ஆக, 355 கலோரித் தட்டு 660-ஐத் தாண்டிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, தனிச் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; ஐந்து சதவீதத்துக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. 2,000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம். தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை சேராது. நம் தட்டில் மாவில் கலந்த 5 கிராமும் சிரப்பின் 48 கிராமும் சேர்ந்து 53. நாள் முழுமைக்குமான உச்சவரம்பு காலை எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. பழத்திலிருந்து வந்த சர்க்கரையோ வெறும் 5 கிராம். பெர்ரி பான்கேக்கில் பழம் இனிப்பாக இருக்கிறதே என்று கவலைப்படுபவர்கள் தவறான இடத்தில் கவலைப்படுகிறார்கள்.

மேப்பிள் சிரப் இயற்கையானது, மரத்திலிருந்து வருவது என்ற சமாதானத்தையும் அடிக்கடி கேட்கிறோம். உண்மைதான், மேப்பிள் மரத்தின் நீரை ஏறத்தாழ 40 லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் சிரப் கிடைக்கும், அதில் மாங்கனீசும் சற்று உண்டு. ஆனால் நாற்பது பங்கை ஒரு பங்காகச் சுண்டவைக்கும்போது சுண்டுவது சர்க்கரைதான். மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை உள்ள ஒன்றை, அதன் பிறப்பிடம் மரம் என்பதற்காக உடல் வேறுவிதமாக நடத்துவதில்லை.

உப்பைப் பற்றி ஒரு சொல். இனிப்புப் பண்டம் என்பதால் இதில் உப்பு இருப்பதை நாக்கு அறியாது. பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டியில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சேர்த்த உப்பையும் கூட்டினால் ஆளுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டும். ஒரு நாளுக்கு 2,000-க்குள் என்பது பரிந்துரை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தனி உப்பை விட்டுவிடலாம். சுவையில் வேறுபாடு தெரியாது.

எந்தப் பெர்ரி, என்ன சத்து

பெர்ரி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைக்கும் பழங்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறானவை. தாவரவியல் பார்வையில் ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் பெர்ரியே அல்ல. ஸ்ட்ராபெர்ரியின் மேல் புள்ளி புள்ளியாக ஒட்டியிருப்பவையே அதன் உண்மையான கனிகள். நாம் உண்ணும் சிவந்த சதை, பூவின் அடிப்பகுதி பருத்து வளர்ந்தது. ராஸ்பெர்ரி பல குட்டிக் கனிகள் ஒன்றாக ஒட்டிய கொத்து. இது வெறும் பெயர் விவகாரம் போலத் தெரியும், ஆனால் சத்துக் கணக்கின் ஒரு பெரிய வேறுபாடு இங்கிருந்துதான் பிறக்கிறது. ராஸ்பெர்ரியின் ஒவ்வொரு குட்டிக் கனிக்குள்ளும் ஒரு விதை உண்டு. பல்லில் சிக்கும் அந்த விதைகளால்தான் 100 கிராம் ராஸ்பெர்ரியில் ஆறரை கிராம் நார்ச்சத்து. அதே அமைப்புள்ள பிளாக்பெர்ரியில் 5.3 கிராம். புளூபெர்ரியில் 2.4, ஸ்ட்ராபெர்ரியில் 2 மட்டும்.

சர்க்கரையிலும் இதே பிளவு. புளூபெர்ரியில் 100 கிராமுக்கு 10 கிராம் சர்க்கரை. மற்ற மூன்றிலும் அதில் பாதிக்கும் குறைவு. வைட்டமின் சி-யில் ஸ்ட்ராபெர்ரியை நெருங்க எதனாலும் முடியாது: 100 கிராமில் 59 மில்லிகிராம். ராஸ்பெர்ரியில் 26, பிளாக்பெர்ரியில் 21, புளூபெர்ரியில் 10-க்கும் கீழே. பான்கேக்குக்குள் எப்போதும் புளூபெர்ரியே போவதற்குக் காரணம் சத்தல்ல, தோல்தான். அதன் உறுதியான தோல் சூட்டைத் தாங்கி, மாவு வேகும்வரை சாற்றைப் பிடித்துவைக்கிறது. ஸ்ட்ராபெர்ரி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். மாவுக்குள் போட்டால் நீர் விட்டு அந்த இடத்தையே வேகவிடாமல் கொழகொழப்பாக்கும். ராஸ்பெர்ரி கரண்டி பட்டாலே உடைந்துவிடும். எனவே மாவுக்குள் புளூபெர்ரி, மேலே பச்சையாக ராஸ்பெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் என்ற பங்கீடு சமையலுக்கும் சரி, சத்துக்கும் சரி. சூட்டில் குறையும் வைட்டமின் சி, மேலே வைத்த பழத்தில் முழுதாக மிஞ்சும்.

புளூபெர்ரியின் புகழுக்குக் காரணம் வைட்டமின் அல்ல, நிறம். நீலத்தையும் ஊதாவையும் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம் அதன் தோலில் குவிந்திருக்கிறது. தோட்டத்துப் பெரிய பழத்தை வெட்டினால் உள்ளே சதை வெளிறிய பச்சையாக இருக்கும். சிறிய காட்டு வகையில் சதையைவிடத் தோலின் பங்கு அதிகம், ஆகவே அதே எடைக்கு நிறமியும் அதிகம். ஐரோப்பியக் காடுகளில் விளையும் பில்பெர்ரிக்குச் சதையும் கருஞ்சிவப்பு. தின்றவரின் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். பார்க்கப் பருத்த பழம்தான் சிறந்தது என்று தேடி எடுப்பவர்களுக்கு இந்தத் தகவல் கொஞ்சம் உதவும்.

இந்த நிறமியைச் சுற்றி ஒரு காலத்தில் பெரும் விளம்பரப் பந்தயமே நடந்தது. சோதனைக் குழாயில் எந்த உணவு எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று அளந்து, ‘ஓராக்’ என்ற எண்ணைக் கொடுத்தார்கள். எண் கூடக்கூட மருந்துக் குணம் கூடும் என்று விற்பனையாளர்கள் சொல்லிக்கொண்டார்கள். அந்த அட்டவணையை வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012-இல் அதைத் தன் தளத்திலிருந்து நீக்கியது. சோதனைக் குழாயின் எண் மனித உடலில் நடப்பதைச் சொல்வதில்லை, அது விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுகிறது என்பது காரணம். ஆந்தோசயனின் உள்ளது உள்ளபடியே இரத்தத்தில் சேர்வது மிகச் சிறிதளவு. பெரும்பகுதி குடலில் வாழும் நுண்ணுயிர்களால் சிறு சிறு மூலக்கூறுகளாக உடைக்கப்பட்ட பிறகே உள்ளே போகிறது. ஓராக் எண்ணை இன்றும் பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

ஆனால் எண் பொய்த்ததால் பழமும் பொய் என்று ஆகிவிடாது. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நெடுங்கால ஆய்வில் 93,600 பெண்களைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வாரத்துக்கு மூன்று பங்குக்கு மேல் புளூபெர்ரியோ ஸ்ட்ராபெர்ரியோ உண்டவர்களிடம், மாதம் ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ உண்டவர்களைவிட மாரடைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 2013-இல் வெளியானது. அதே ஆண்டு வெளியான மற்றொரு பெரிய ஆய்வில், முழுப் பழமாகப் புளூபெர்ரி உண்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாகவும், பழச்சாறு குடிப்பவர்களுக்கு அது சற்றுக் கூடுதலாகவும் தெரிந்தது. இவை கவனித்துப் பதிந்த ஆய்வுகள். பெர்ரி விரும்பி உண்பவர் பொதுவாகவே உடலைப் பேணுபவராக இருக்கலாம். அதைக் கழித்துப் பார்க்க ஆய்வாளர்கள் முயன்றாலும் முற்றாகக் கழிக்க முடியாது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தெரிவது 2019-இல் வெளிவந்த ஒரு சோதனை. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகக் குழு, உடல் பருமனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒன்றுசேர்ந்து தொல்லைதரும் நிலையில் இருந்த நடுவயதினரையும் முதியவர்களையும் மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 150 கிராம் பழத்துக்கு ஈடான புளூபெர்ரிப் பொடி, இன்னொன்றுக்கு 75 கிராமுக்கு ஈடானது, மூன்றாவதற்கு அதே நிறத்தில் வெறும் பொடி. ஆறு மாதம் கழித்து 150 கிராம் பிரிவினரின் இரத்தக் குழாய்கள் மேலும் நன்றாக விரிந்தன. 75 கிராம் பிரிவில் அந்த மாற்றம் இல்லை. இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் எந்தப் பிரிவிலும் முன்னேற்றம் இல்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களுள் புளூபெர்ரி விளைவிப்போரின் அமைப்பும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

அந்த எண்களை நம் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பயன் தெரிந்தது 150 கிராமில். பயன் தெரியாதது 75-இல். நம் மூன்று பான்கேக்கில் இருப்பது 50. வாரத்தில் ஒரு நாள், ஆளுக்கு ஐம்பது கிராம், அதற்கு மேல் 48 கிராம் சர்க்கரை. பெர்ரியின் நற்பெயரைப் பான்கேக் கடன் வாங்குகிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

சூட்டில் எல்லாமே அழிந்துவிடுமே என்று கேட்பவர்களும் உண்டு. அழிவதில்லை. ரொட்டி மாவில் புளூபெர்ரி சேர்த்துச் சுட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஆந்தோசயனின் ஓரளவே குறைந்தது. பான்கேக் வாணலியில் இருப்பது நான்கைந்து நிமிடம். பழத்துக்குச் சூட்டைவிடப் பெரிய பகை சோடா.

பச்சையாகும் பழம்

முதன்முதலாகப் புளூபெர்ரி பான்கேக் சுட்டபோது பழத்தைச் சுற்றி மாவு பச்சை நிறமானதைக் கண்டு, பூஞ்சணம் என்று பயந்து அத்தனையையும் கொட்டிவிட்டேன். அது பூஞ்சணம் அல்ல, ஆந்தோசயனினின் இயல்பு. அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் ஊதா, காரத்தில் நீலமும் பச்சையும் என்று அந்த நிறமி மாறிக்கொண்டே போகும். பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையைத்தான் பழத்தின் சாறு மாவில் செய்கிறது. சமையல் சோடா காரம். அதை அளவுக்கு மேல் போட்டாலோ, சரியாகக் கலக்காமல் ஓரிடத்தில் கட்டியாக விட்டாலோ அங்கே பட்ட சாறு பச்சையாகும். உண்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனாலும் பச்சை நிறம் ஒரு சேதியைச் சொல்கிறது: இந்த மாவில் காரம் மிகுந்துவிட்டது. காரத்தில் ஆந்தோசயனின் நிலைக்காமல் சிதையும். மாவிலுள்ள தயமின் என்ற பி1 வைட்டமினும் அழியும். நாக்கில் சோப்பு போன்ற ஒரு வாடையும் தங்கும்.

திருத்துவது எளிது. சோடா மட்டும் போடும் செய்முறையில் அதற்கு ஈடான புளிப்பு இருக்க வேண்டும். 240 மில்லி புளித்த மோருக்கு அரைத் தேக்கரண்டி சோடா என்பது பழகிய கணக்கு. மோர் இல்லையென்றால் பேக்கிங் பவுடரே போதும், அதில் அமிலம் உள்ளேயே இருக்கிறது. மோர் சேர்ந்த மாவில் பழத்தைச் சுற்றிப் பச்சைக்குப் பதில் செவ்வூதா வட்டம் விழும். நிறமி பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

பழத்தை எப்போது போடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கிண்ணத்து மாவில் கொட்டிக் கிளறினால் சில பழங்கள் உடைந்து மாவு முழுவதும் சாம்பல் நிறமாகும். மாவை வாணலியில் ஊற்றிய பிறகு, அதன் மேல் பழத்தை ஒவ்வொன்றாகத் தூவுவதே நல்லது. எண்ணிக்கையும் நம் கையில் இருக்கும். ஒரு பான்கேக்குக்குப் பன்னிரண்டுக்குப் பதில் இருபது என்று நிரப்பலாம். அதற்கு மேல் போனால் மாவு பழங்களைப் பிடித்துக்கொள்ள முடியாமல் திருப்பும்போது கிழியும். உறைய வைத்த பழம் என்றால் இளகவிடாமல் அப்படியே போட வேண்டும். உறையும்போது உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகிச் செல்களைக் குத்திக் கிழித்திருக்கும். இளகினால் சாறு முழுவதும் வழிந்துவிடும். உறைந்த பழம் சத்தில் தாழ்ந்ததோ என்ற ஐயம் வேண்டாம். பறித்த சூட்டோடு உறைய வைத்த பழத்தில் சத்து அப்படியே நிற்கிறது. நாட்கணக்கில் பயணம் செய்து, கடையிலும் குளிர்பெட்டியிலும் காத்துக் கிடந்த பழத்தைவிட அது பல நேரம் மேல்.

மாவைக் கலக்குவதில் ஒரே விதி, அளவோடு நிறுத்துவது. மைதாவும் நீரும் சேர்ந்து கிளறக் கிளற க்ளூட்டன் வலை இறுகி, பான்கேக் ரப்பராகும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் அவையே ஊறிக் கரையும்.

பங்கை மாற்றிப் போட்ட தட்டு

இப்போது அதே மூன்று பேருக்கு இன்னொரு கலவை. மைதா 150 கிராமுக்குப் பதில் முழுக் கோதுமை மாவு 100 கிராம், பொடித்த ஓட்ஸ் 50 கிராம். முட்டை ஒன்றுக்குப் பதில் இரண்டு. பால் அதே 200 மில்லி. வெண்ணெய் 10 கிராம். சர்க்கரையும் தனி உப்பும் இல்லை. மாவுக்குள் 150 கிராம் புளூபெர்ரி, முன்பு போலவே. மேலே வைக்க 150 கிராம் ராஸ்பெர்ரியும் 150 கிராம் ஸ்ட்ராபெர்ரியும். சிரப்பும் இல்லை, மேல் வெண்ணெயும் இல்லை.

கூட்டினால் மொத்தம் 1,090 கலோரி அளவு, ஆளுக்கு 363. முதல் தட்டின் மேல் சிரப் ஊற்றுவதற்கு முன்னிருந்த கலோரியேதான். ஆனால் நார்ச்சத்து இரண்டரை கிராமிலிருந்து ஏறத்தாழ 11 கிராம் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு காலையிலேயே கிடைத்துவிடுகிறது. புரதம் 10-லிருந்து 15 கிராம். வைட்டமின் சி, மேலே வைத்த பழத்திலிருந்து மட்டும் 42 மில்லிகிராம்; ஒரு நாள் தேவையில் பாதி அளவு. மிக முக்கியமாக, பெர்ரி ஆளுக்கு 150 கிராம். மூன்று வகைப் பழம் கலந்தது என்பதால் அந்தச் சோதனையின் பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது என்றாலும், இந்தத் தட்டை ‘பெர்ரி பான்கேக்’ என்று அழைக்க இப்போது கூசவில்லை.

இந்தக் கலவைக்கு இரண்டு எச்சரிக்கைகள். முழுக் கோதுமையின் தவிடும் ஓட்ஸும் நீரை மெதுவாக, ஆனால் நிறைய உறிஞ்சும். கலந்தபின் கால்மணி நேரம் விட்டு, இறுகியிருந்தால் இரண்டு மூன்று கரண்டி பால் சேர்க்க வேண்டும். இல்லையேல் தட்டையாகவும் வறண்டும் போகும். அடுத்தது நீரிழிவு உள்ளவர்களுக்கானது. இந்தத் தட்டிலும் ஆளுக்கு 55 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சிரப் ஊற்றிய தட்டின் 107 கிராமில் இது பாதி. நாரும் புரதமும் சேர்ந்திருப்பதால் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும். ஆனாலும் 55 கிராம் 55 கிராம்தான். மூன்றுக்குப் பதில் இரண்டு பான்கேக் எடுத்துக்கொண்டு, பழத்தை மட்டும் குறைக்காமல் வைத்துக்கொள்வது அவர்களுக்குப் பொருந்தும்.

பெட்டியில் வரும் ஆயத்த மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர் ஊற்றினால் போதும் என்ற வசதி பழையது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் ஜோசப் நகரில் 1889-இல் ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற பெயரில் அது தொடங்கியது. கருப்பினப் பெண்ணைப் பணிப்பெண்ணாகக் காட்டிய அந்தப் பெயரையும் படத்தையும் கைவிட்டு, 2021-இல் ‘பேர்ல் மில்லிங் கம்பெனி’ என்று மாற்றினார்கள். புளூபெர்ரி படம் போட்ட ஆயத்த மாவுப் பெட்டிகளில் எல்லாவற்றிலும் புளூபெர்ரி இருப்பதில்லை. சிலவற்றில் உள்ள நீலத் துணுக்குகள் சர்க்கரை, மாவுப்பொருள், எண்ணெய், சாயம் ஆகியவற்றால் செய்தவை. முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் படித்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ‘செயற்கை’, ‘சுவையூட்டப்பட்டது’ என்ற சொற்கள் பழத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் அது பழமல்ல.

சிரப் இல்லாமல் பான்கேக் தொண்டையில் இறங்காது என்பவர்களுடைய குறை நியாயமானது. உலர்ந்த மாவுக்கு ஈரம் வேண்டும். அதையும் பழத்திலிருந்தே எடுக்கலாம். மேலே வைக்கும் பழத்தில் பாதியை ஒரு சிறிய பாத்திரத்தில் இட்டு, ஒரு கரண்டி நீர் தெளித்து, மிதமான தீயில் வையுங்கள். மூன்று நிமிடத்தில் தானே உடைந்து சாறு விடும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் ஊதா நிறம் பளிச்சென்று சிவக்கும், அமிலம் செய்யும் அதே வேலை. இனிப்பு போதாவிட்டால் ஒரு தேக்கரண்டி மேப்பிள் சிரப் இதில் கலந்தால் 4 கிராம் சர்க்கரைதான் சேரும். 48 கிராம் ஊற்றிய தட்டைவிட மணம் அதிகமாகத் தெரியும், ஏனென்றால் அது மாவுக்குள் மறையாமல் நாக்கில் நேராகப் படுகிறது.

உறைந்த பழத்தை மேலே வைக்க நினைப்பவர்கள் இந்தக் கொதியைத் தவிர்க்கக் கூடாது. 2013, 2014-இல் இத்தாலியிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் உறைந்த பெர்ரிக் கலவை வழியாக ஹெபடைடிஸ் ஏ பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அந்த வைரஸ் உறைபனியில் சாவதில்லை. சாறு நன்றாகத் தளதளவென்று கொதித்து முழுதாக ஒரு நிமிடம் நின்றால் அழிந்துவிடும். வாணலியில் மாவுக்குள் பழம் முழுதாக வெந்தால் அங்கும் கவலையில்லை. இளக வைத்து அப்படியே தூவுவதில்தான் ஆபத்து. சிறு குழந்தைகளுக்குத் தரும்போது முழுப் புளூபெர்ரி தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவில் இருப்பதால், மாவில் தூவுமுன் ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கிப் போடுங்கள். மாவு சாம்பல் நிறமாகும்தான். நான்கு வயதுக்குட்பட்டவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.